வெளிச்சம் நிஜம், ஆள் வேறு

ஜமீலா, உனக்கு ஸலாம்.

நீ கொச்சியில் விமானம் ஏறி இன்றோடு பத்து நாள். இந்தப் பத்து நாளும் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். ஸ்பிரேயருக்கு வாஷர் கேட்டு வந்த ஆளுக்கு நாசிலை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன பாய், உடம்புக்கு முடியலையா?" என்றார். உடம்புக்கு ஒன்றுமில்லை. அதிர்ந்து போயிருக்கிறேன், அவ்வளவுதான். அறுபத்து மூன்று வயதில் ஒரே வருடத்தில் இத்தனை அதிர்ச்சி ஒரு மனிதனுக்கு வரக்கூடாது. எல்லாம் நீ கொண்டுவந்தது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. பாதிக்கு மேல் நானே உள்ளே வைத்திருந்தது.

இதை உனக்கு மட்டும் மெயிலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் மண்டபத்தில் இருநூறு பேருக்கு முன்னால் உன்னை விட்டு எழுந்து போன தகப்பன் நான். அவமானத்தை ஊரறியச் செய்துவிட்டு மன்னிப்பை மட்டும் காதோடு காதாகக் கேட்பது என்ன நியாயம்? அதனால் நம் ஊர் வாசகர் வட்டம் போடும் மாத இதழுக்கும் ஒரு பிரதி கொடுக்கிறேன். அன்று மண்டபத்தில் இருந்தவர்கள் படிக்கட்டும். உனக்குக் கூச்சமாக இருக்கும். பொறுத்துக்கொள்.

போன ஆடியில், ஒரு வியாழக்கிழமை காலை, நீ பெங்களூரிலிருந்து வந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் பையோடு நேரே கடைக்கு வந்தாய். காற்று அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்குப் பாராட்டு விழா. அடுத்த மாதம் நெதர்லாந்தில் வேலை. கல்லாவுக்கு மேலே, உன்னைப் பற்றி வந்த செய்தித்தாள் துண்டை லேமினேட் செய்து மாட்டியிருந்தேன். கிழட்டு விண்மீன் மண்டலங்களில் புதிதாகப் பிறக்கும் நட்சத்திரங்களைக் கண்டுபிடித்த கம்பத்துப் பெண் என்று போட்டிருந்தார்கள். கடைக்கு வருகிற திராட்சைக்காரர், வாழைக்காரர், பூச்சிமருந்துக் கம்பெனிக்காரர், ஒருவர் விடாமல் எல்லோரையும் படிக்க வைத்திருக்கிறேன்.

நீ அதை நிமிர்ந்து பார்த்தாய். "அத்தா, ஒண்ணு சொல்லணும். உக்காருங்க" என்றாய்.

"நின்னுக்கிட்டே கேக்குறேன், சொல்லு. மாப்பிள்ளை யாரையும் பாத்துட்டியா?"

நீ சிரிக்கவில்லை. "அந்தக் கட்டிங்ல இருக்கிறது தப்பு."

"பேரைத் தப்பாப் போட்டுட்டாகளா?"

"இல்லத்தா. நான் கண்டுபிடிச்சதே தப்பு. அங்கன புது நட்சத்திரம் எதுவும் பிறக்கலை."

அப்போதுதான் உட்கார்ந்தேன். நீ எதிரே ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்து எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். அன்று புரியவில்லை. பிறகு பல தடவை மனதில் ஓட்டிப் பார்த்து இப்போது ஓரளவு புரிந்திருக்கிறது. தப்பாக இருந்தால் திருத்து.

நட்சத்திரங்களுக்கு நடுவில் இருக்கும் இடம் காலி இல்லை, அங்கே வாயு இருக்கிறது. அந்த வாயு குளிர்ந்து, திரண்டு, தன் பாரத்தாலேயே சுருங்கினால்தான் புது நட்சத்திரம் பிறக்கும். சில பெரிய, வயதான மண்டலங்களில் வாயு இருந்தும் பிறப்பு இல்லை. கோடி கோடி வருடமாக இல்லை. ஏன் என்று கேட்டேன். "பழசுக சும்மா இருக்கிறது இல்லத்தா" என்றாய். நம் சூரியன் மாதிரியான நட்சத்திரத்துக்கு வயதாகும்போது ஊதிப் பெருக்குமாம், மேல்தோலை உதிர்க்குமாம். உதிர்ந்த வாயு, சுற்றி இருப்பதோடு வேகமாக மோதிச் சூடாகும். செத்த நட்சத்திரங்களின் மிச்சத்தில் சிலது எப்போதாவது வெடித்து இன்னும் சூடேற்றும். அந்தச் சூட்டில் வாயு குளிரவே முடியாது. குளிராத வாயுவில் பிறப்பு கிடையாது.

நான் அந்த நிலையிலும் குறுக்கே விழுந்தேன். "பெத்தவுகளக் குத்திக் காட்டுறியோ?" என்று கேட்டேன். "எல்லாத்தையும் உங்களப் பத்தின்னு நினைக்காதீங்கத்தா, நான் வாயுவைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்று சள்ளென்று விழுந்தாய். அதோடு, பழசுகள் தடுக்க மட்டும் செய்வதில்லை என்றும் சொன்னாய். தட்டையாகச் சுற்றுகிற மண்டலங்களில் பழைய நட்சத்திரங்களின் மொத்த எடைதான் வாயுவை அமுக்கிப் பிடித்துப் பிறப்புக்கு உதவுகிறதாம். அவை உதிர்த்த வாயுவே பின்னால் வரும் நட்சத்திரங்களுக்குச் சரக்காகவும் போகிறதாம். இடத்துக்கு இடம் மாறும், அதைத்தான் நீ அளந்துகொண்டிருந்தாய்.

உன் தப்பு எங்கே நடந்தது? பிறப்பு நின்றுபோன அந்த மண்டலங்களில் மங்கலாக ஒரு சிவப்பு ஒளி தெரிந்தது. சாதாரணமாக அந்த ஒளி, புதிதாகப் பிறந்த சூடான நட்சத்திரங்கள் பக்கத்து வாயுவை ஒளிர வைப்பதால் வரும். அதனால் அங்கே பிறப்பு நடக்கிறது என்று எழுதினாய். உலகமும் ஒத்துக்கொண்டது. பிறகு இன்னும் கூர்மையான படங்கள் வந்தன. புதுசுகள் பிறந்திருந்தால் ஒளி அங்கங்கே திட்டுத் திட்டாக இருக்கவேண்டும். இது பழைய நட்சத்திரங்கள் எங்கெல்லாம் பரவிக் கிடக்கின்றனவோ அங்கெல்லாம் அதே அளவில் பரவிக் கிடந்தது. மேல்தோலை உதிர்த்த கிழட்டு நட்சத்திரங்களின் நடுக்கரு வெளியே தெரிந்து, லட்சம் டிகிரிச் சூட்டில் கொதித்து, அந்த வாயுவுக்கு வெளிச்சம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. சாகப்போகிறவர்களின் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று நீ எழுதிவிட்டாய்.

"நாலு மாசமா திரும்பத் திரும்பப் பாத்துட்டேன். நான்தான் தப்பு" என்றாய். உன் உதடு நடுங்கியது. அதைப் பார்த்தேன், ஜமீலா. பார்த்துவிட்டும் நான் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? உனக்கு மறந்திருக்காது, ஊருக்குத் தெரியட்டும்.

"இது யாருக்குத் தெரியப் போகுது?"

நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "எனக்குத் தெரியுமேத்தா" என்றாய்.

"நெதர்லாந்து போய்ச் சேரு முதல்ல. அங்கன போயி ஒரு வருசம் கழிச்சு மெதுவாச் சொல்லிக்கலாம். உங்க ஆராய்ச்சி சாரே கண்டுபிடிக்காதத நீயா எதுக்குச் சொல்ற? விழா வேற வச்சிருக்கு, பேனர் அடிச்சாச்சு."

"அத்தா, நீங்களா இப்பிடிச் சொல்றீங்க?"

அந்த "நீங்களா"தான் என்னை வெட்டியது. ஏனென்றால் உன் மனதில் நான் யார் என்று எனக்குத் தெரியும். மேகமலை எஸ்டேட்டில் பன்னிரண்டு வருடம் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து, தினம் காலை எட்டு மணிக்கு மழைமானியில் தண்ணீரை அளந்து, பதிவேட்டில் எழுதிய மனிதன். அட்டை கடித்து ரத்தம் வடிய வடியப் போய் அளந்தேன் என்று உனக்கும் உன் தம்பிக்கும் சொல்லிச் சொல்லி வளர்த்தவன். நீ பள்ளியில் கட்டுரை எழுதி, படித்துக் காட்டியும் இருக்கிறாய். நான் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இனி சொல்லப்போவதை உங்கம்மாவுக்கே போன தை மாதம்தான் சொன்னேன்.

நீ பிறப்பதற்கு முந்திய வருடம், தென்மேற்கு மழை பிடித்துக்கொண்ட சமயம். எனக்குக் காய்ச்சல். காய்ச்சல் மூன்று நாளில் விட்டுவிட்டது. ஆனால் அந்த மூன்று நாளும் போகாமல், குத்துமதிப்பாக ஓர் அளவை எழுதிப் பார்த்ததில், யாரும் கேட்கவில்லை. அந்த ருசி பிடித்துப் போயிற்று. கம்பளியைப் போர்த்திக்கொண்டு குவார்ட்டர்ஸ் ஜன்னல் வழியாக மழையைப் பார்ப்பேன், மனதுக்குத் தோன்றியதை எழுதுவேன். மொத்தம் பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளில்தான் அந்த வருடத்தின் பெரிய மழை பெய்தது. நான் எழுதிய அளவில் அது சுமாரான மழை.

அடுத்த கோடையில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பின்னால், சரிவில், தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டினார்கள். எவ்வளவு அகலம் வேண்டும் என்று மேனேஜர் என் பதிவேட்டைப் புரட்டித்தான் முடிவு செய்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். "போன வருசம் அதிகபட்சம் இவ்வளவுதானா?" என்று கேட்டார். "ஆமாங்க சார்" என்றேன். ஒரே ஒரு வார்த்தை. அப்போது சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்கும், அவ்வளவுதான்.

அந்த ஆனியில் வாய்க்கால் கொள்ளாமல் தண்ணீர் கரையை உடைத்தது. சரிவு மண் வந்து கடைசி லைன் வீட்டின் பின்சுவரைத் தள்ளியது. பகல் நேரம், எல்லோரும் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். அந்த வீட்டுப் பேச்சியம்மா மட்டும் பச்சை உடம்புக்காரி என்று வீட்டில் இருந்தாள். பிள்ளையை மடியில் போட்டு முன்வாசலில் உட்கார்ந்திருந்ததால் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. சுவர் இடது காலில் விழுந்தது. நான்தான் அவளைத் தூக்கி ஜீப்பில் போட்டு, அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் சின்னமனூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் வலியில் கதறிக்கொண்டே, "ரைட்டரய்யா, நீங்க நல்லா இருக்கணும், சாமி மாதிரி வந்தீங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். கால் நேராகக் கூடவில்லை. அடுத்த வருடம் அவள் புருஷன் கணக்கை முடித்துக்கொண்டு மயிலாடும்பாறைக்குக் கூட்டிப் போய்விட்டான். நான் வேலையை விடாமல் இன்னும் பல வருடம் இருந்தேன். நேர்மையான ரைட்டர் என்று பெயர் வாங்கிக்கொண்டுதான் மலை இறங்கினேன்.

இப்போது புரிகிறதா? "யாருக்குத் தெரியப் போகுது" என்று நான் சொன்னது பிள்ளைப் பாசத்தால் வந்த தடுமாற்றம் இல்லை. சொந்த அனுபவம். மறைத்தால் தப்பிக்கலாம் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். தப்பித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நீ அதற்குப் பிறகு என்னோடு இதைப் பற்றிப் பேசாததால், என் சொல்லைக் கேட்டுவிட்டாய் என்றே நினைத்தேன். மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், மடியில் உனக்குப் போர்த்த வேண்டிய சால்வை. ஜமாத்துப் பெரியவர்கள், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், உத்தமபாளையத்திலிருந்து உன் கல்லூரித் தோழிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். உன்னைப் பற்றி நான்கு பேர் பேசினார்கள். நீ மைக்கைப் பிடித்தாய். பத்து நிமிடம் நட்சத்திரமும் வாயுவும் என்று அழகாகச் சொன்னாய். பிறகு தண்ணீர் குடித்தாய்.

"இந்த விழா எதுக்காக நடக்குதோ அந்தக் கண்டுபிடிப்பு தப்பு. வேற யாரும் போட்ட தப்பு இல்ல, நானே போட்டது. கட்டுரையத் திரும்ப எடுத்துக்கிறேன்னு நேத்து எழுதி அனுப்பிட்டேன். வேலை கொடுத்தவுகளுக்கும் எழுதிட்டேன். பாராட்ட வந்தவுக எல்லாரும் என்னை மன்னிக்கணும்."

யாரோ, "என்னம்மா சொல்லுது பிள்ளை?" என்று பக்கத்தில் கேட்டார்கள். சால்வையை நாற்காலியில் வீசினேன். "இதக் கேக்கத்தான் ஊரைக் கூட்டி உக்கார வச்சியா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்திவிட்டு நடுவழியாக நடந்து வெளியே போனேன். செருப்பைக்கூடச் சரியாகப் போடவில்லை. எதிரே வந்த பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தம் எதுவோ அங்கே டிக்கெட் கொடுங்கள் என்றேன். லோயர் கேம்ப்பில் இறக்கிவிட்டார்கள். மின்நிலையத்துக்குக் கீழே தண்ணீர் வெளியேறும் இடத்தைப் பார்த்தபடி நாலு மணி நேரம் நின்றேன். கோபம் உன் மேல்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்குப் பயம். நான் முப்பது வருடமாகச் செய்ய முடியாத ஒன்றை, என் பிள்ளை பத்து நிமிடத்தில், மைக்கில், தண்ணீர் குடித்துவிட்டுச் செய்து முடித்துவிட்டாள்.

நான் வீடு திரும்பியபோது நீ பெங்களூர் பஸ் ஏறியிருந்தாய். உங்கம்மா சோறு போட்டாள். மண்டபத்தில் அப்புறம் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. மூன்று வாரத்தில் நெதர்லாந்தில் இருந்து மரியாதையாக ஒரு கடிதம் வந்தது என்று உன் தம்பி சொன்னான். அந்த வேலை இல்லை. நான் உனக்கு ஒரு போன் செய்திருக்க வேண்டும். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று வாய் வந்துவிடுமோ என்று பயந்து செய்யவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். நான் சொன்னதுதான் நடந்தது என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் நிம்மதியாக இருந்தது. சொந்தப் பிள்ளையின் வேலை போனதில் ஒரு தகப்பனுக்கு நிம்மதி. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

மார்கழியில் ஒரு நாள், விழாவை வீடியோ எடுத்த ஸ்டுடியோக்காரர் கடைக்கு வந்து ஒரு பென்டிரைவைக் கொடுத்தார். "விழா நடத்துனவுக வேண்டாம்னுட்டாக பாய். நீங்களாவது வச்சுக்கங்க. உங்க வீட்டம்மா பேசினது நல்லா இருக்கு" என்றார்.

"எங்க வீட்டம்மா பேசினாளா?"

"உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. கடையில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். நான் வெளியேறும் முதுகு தெரிகிறது. நீ மைக்கைப் பிடித்தபடி, கீழே விழப்போகிற மாதிரி நிற்கிறாய். அப்போது பெண்கள் வரிசையில் ஒரு தலை எழுகிறது. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு உங்கம்மா. கல்யாணம் ஆன நாளிலிருந்து நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. கேஸ் சிலிண்டர் புக் பண்ணக்கூட என்னைத்தான் பேசச் சொல்வாள். அவள் எழுந்து நின்று கேட்கிறாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுத்தா. அந்த வெளிச்சமே பொய்யா? இல்ல, வெளிச்சம் நிஜம், ஆளுதான் வேறயா?"

நீ அழுகிறாய். சிரிக்கவும் செய்கிறாய். "வெளிச்சம் நிஜம்மா. ஆளுதான் வேற."

"அப்ப நீ பாத்தது பாத்ததுதானே. யாரோடதுன்னு சொன்னதுதானே தப்பு. அந்தப் பழசுக என்ன பண்ணுதுகன்னு எங்களுக்குச் சொல்லு, கேப்போம். சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கு."

அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் நீ பேசியிருக்கிறாய். கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஹெட்மாஸ்டர், நம் சூரியனும் ஒருநாள் மேல்தோலை உதிர்த்து இப்படிக் கொதிக்குமா என்று கேட்கிறார். கூடலூர்த் திராட்சைக்காரர் ஒருவர், உதிர்ந்தது மறுபடி பிள்ளையாகுமா என்று கேட்கிறார். சில இடத்தில் ஆகும், சில இடத்தில் அந்தச் சூடே ஆகவிடாது என்று நீ கரும்பலகையில் படம் போட்டுச் சொல்கிறாய். கடைசியில் யாரோ என் நாற்காலியில் கிடந்த சால்வையை எடுத்து உனக்குப் போர்த்துகிறார்கள். நான் அந்த நேரம் லோயர் கேம்ப்பில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். அன்று மண்டபத்தில் இருந்த இருநூறு பேரில் இதைக் கேட்காதவன் உன்னைப் பெற்றவன் மட்டும்தான். ஷட்டரை இறக்கிவிட்டு, உள்ளே உட்கார்ந்து அழுதேன்.

அதன் பிறகுதான் உங்கம்மாவிடம் அந்தப் பதினொரு நாளைச் சொன்னேன். அவள் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "அந்தப் பொம்பளை உசிரோட இருக்காளா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "போய்ப் பாருங்க" என்றாள்.

கடமலைக்குண்டு தாண்டி மயிலாடும்பாறைக்குப் பஸ்ஸில் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். பேச்சியம்மா வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அடையாளம் தெரிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், கால் வரவில்லை. "ரைட்டரய்யாவா! எம்புட்டு வருசமாச்சு! ஏலே, நாற்காலி எடுத்துப் போடு" என்று உள்ளே சத்தம் கொடுத்தாள். அன்று மடியில் இருந்த அந்தப் பிள்ளைதான் நாற்காலி கொண்டுவந்து போட்டான். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. நான் உட்காரவில்லை. நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். பதிவேடு, பதினொரு நாள், வாய்க்கால், "ஆமாங்க சார்".

அவள் மொச்சை உரிப்பதை நிறுத்தவில்லை. "அந்த மழை எனக்குத் தெரியுமே. லைன் வீட்டுக் கூரை பூரா ஒழுகுச்சு. நீங்க எழுதாட்டி அது பெய்யலன்னு ஆயிருமா?" என்றாள். பிறகு கை நின்றது. "அன்னைக்கு ஜீப்புல உங்களச் சாமின்னு சொன்னேனே" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி அதையே இரண்டு தடவை சொன்னாள். மகன் ஒரு அடி முன்னால் வந்தான். "விடுடா, அவுக போகட்டும்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ் வரும்வரை அந்தத் தெருவிலேயே வெயிலில் நின்றேன்.

ஜமீலா, நீ புத்தி சொல்லிக் கேட்கிற வயதைத் தாண்டியவள். புத்தி சொல்லும் யோக்கியதையும் எனக்கு இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நாளைக்கு உனக்குக் கீழே பிள்ளைகள் ஆராய்ச்சி செய்ய வருவார்கள். அதில் ஒருத்தி உன் முன்னால் நடுங்கிக்கொண்டு வந்து, "தப்பாப் போச்சு" என்று சொல்வாள். உன் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையைப் பார்த்துக்கொள். மற்றதை எல்லாம் பிறகு சொல்லலாம், முதல் வார்த்தை மட்டும் திரும்ப வராது. இன்னொன்று, அம்மாவுக்கு அடிக்கடி போன் செய். அவளுக்கு நட்சத்திரம் புரியாது என்று நினைத்து நான் எத்தனை வருடம் அவளிடம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டேன்.

உன் கட்டுரையை முதலிலிருந்தே நம்பாத ஒரு பெண் விஞ்ஞானி சிலி நாட்டில் இருக்கிறார்கள் என்றும், நீயே உன் தப்பை எழுதிய விதத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் பழைய நட்சத்திரங்களையே சேர்ந்து பார்ப்போம், வா என்று கூப்பிட்டார்கள் என்றும் பங்குனியில் சொன்னாய். போன வேலையைவிடச் சின்ன வேலை, இரண்டு வருடத்துக்குத்தான் என்றாய். என்னால் நம்பவே முடியவில்லை. உன்னை நம்பாத ஆளே உன்னைக் கூப்பிடுவார்கள் என்று என் கணக்கில் எங்கேயும் இல்லை.

கொச்சிக்குப் போகிற வழியெல்லாம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். குமுளி மலை ஏறும்போது கேட்கலாம், வண்டிப்பெரியாறு போகட்டும், குட்டிக்கானம் போகட்டும் என்று தள்ளித் தள்ளி விமான நிலையமே வந்துவிட்டது. உள்ளே போகிற வாசலில் உன் பெட்டிக் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு, சம்பந்தமில்லாமல் ஒன்றைக் கேட்டேன். "அங்கன போயி, இதுவும் தப்புன்னு தெரிஞ்சா என்னத்தா பண்ணுவ?"

"அப்பவும் உங்களுக்குத்தான் முதல்ல போன் பண்ணுவேன்" என்று சொல்லிவிட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டாய். பின்னால் வந்தவர்கள் என்னை ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.

திரும்பி வருகிற வழியில், முண்டக்கயம் தாண்டி வண்டி மலை ஏறிக்கொண்டிருந்தபோது, நீ சொன்னதை உங்கம்மாவிடம் சொன்னேன். "அப்பவும்னு ஏன் சொன்னா? என்னமோ போன தடவையும் என்கிட்டத்தான் முதல்ல சொன்ன மாதிரி" என்றேன்.

உங்கம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள். "உங்ககிட்டத்தானே முதல்ல சொன்னா. அவுக சாருக்குக்கூட அப்பத் தெரியாது. அத்தாகிட்ட முதல்ல சொல்லணும், அப்பத்தான் மத்தவுககிட்டச் சொல்லத் தைரியம் வரும்னு நினைச்சுத்தான் பஸ் ஏறி வந்திருக்கா. அன்னைக்குக் கடையில இருந்து வீட்டுக்கு வந்து, என் மடியில படுத்து அழுதப்பச் சொன்னா."

வண்டி இரண்டு வளைவு திரும்பியது. பிறகு கேட்டேன். "இத்தனை மாசமா இத ஏன் என்கிட்டச் சொல்லலை?"

"அவ எதுக்கு உங்களத் தேடி வந்தான்னு நீங்க கேக்கவே இல்லையே" என்றாள்.

உன் அத்தா,
கம்பம்.